மணல் அடித்த சுவரும் மணல் அடிக்காத சுவரும்

1

அமெரிக்காவுக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டால் இங்கே ஒவ்வொருவரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். விசா வந்த வருஷம், கிரீன் கார்டு வந்த வருஷம், வீடு வாங்கிய வருஷம். என்னிடம் இருப்பது கும்பாபிஷேகக் கணக்கு. எங்கள் ஊர்க் கோயிலில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும். ஒன்றை முடித்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். அடுத்தது நான் இல்லாமலே நடந்தது. மூன்றாவதற்கான அழைப்பிதழ் போன பிப்ரவரியில் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது.

பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் காரை நிறுத்திவிட்டு, நியூயார்க்கிலிருந்து வரும் ரயிலில் மனைவி செல்வி இறங்குவதற்காகக் காத்திருந்தேன். அழைப்பிதழுக்குக் கீழே சங்கரன் பேசி அனுப்பியிருந்தான். திருநெல்வேலியில் என்னோடு ஒரே ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவன். நான் சைட் இன்ஜினியர், அவன் முடிந்த வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுகிறவன்.

"ஏலே ஆறுமுகம், சொகமா இருக்கியாடே? கும்பாபிஷேகம் வச்சாச்சு. போன தடவதான் டிமிக்கி குடுத்துட்ட. இந்தத் தடவையாவது வந்து சேரு. நீ பாத்த செவரு உன்னையத் தேடுது, ஆமா."

அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். நான் அதை இரண்டாம் தடவை கேட்காமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஏன் என்று புரிய வேண்டுமானால், வெஸ்ட் வின்ட்சரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் காட்டுக்குள் இருக்கும் ஒரு பழைய தேவாலயத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

2

அந்தத் தேவாலயத்துக்கு நான் பக்தியால் போகவில்லை. ஃபாரத்தால் போனேன்.

என் மகள் மீனாவுக்குப் பதினாறு வயது. இந்த ஊரில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள், இத்தனை மணி நேரம் பொதுச்சேவை செய்தேன் என்று கையெழுத்து வாங்கிக் காட்ட வேண்டும். மற்ற பிள்ளைகள் நூலகத்தையும் ஆஸ்பத்திரியையும் முன்கூட்டியே பிடித்துவிட்டார்கள். இவள் தாமதமாக விழித்துக்கொண்டு, மிச்சம் கிடந்த இந்தப் பழைய சேப்பலை, சின்னத் தேவாலயத்தை, பிடித்தாள். சனிக்கிழமைகளில் பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டும் வேலை. பதினெட்டு வயது ஆகாதவர்களோடு பெற்றோர் ஒருவர் இருந்தே ஆக வேண்டுமாம். அதற்கும் ஒரு ஃபாரம். ஆபத்து நேர்ந்தால் வழக்குப் போடமாட்டேன் என்று இன்னொரு ஃபாரம். கோயில் தூணில் சாய்வதற்கு எவனும் நம்மிடம் கையெழுத்துக் கேட்டதில்லை.

முதல் நாள் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகச் செய்தது. நவம்பர் மாதம், கல் தரை, உள்ளே ஹீட்டர் கிடையாது. அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மார்கரெட் என்ற அம்மாள், எழுபதைத் தாண்டியவர், ஓடி வந்து, "ஷூ நனைந்துவிட்டதா?" என்று கேட்டார். மீனா தலையில் கை வைத்துக்கொண்டு, "அப்பா, ப்ளீஸ்" என்றாள். கோயில்களில் இப்படித்தான் என்று சொன்னேன். மார்கரெட் கொஞ்சம் யோசித்தார். அடுத்த சனிக்கிழமை எனக்கென்று கம்பளிக் காலுறை ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தார். அன்றே அவரிடம் நான் கவிழ்ந்தேன்.

நான் பாலம் பரிசோதிக்கிறவன். செல்வியின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்து, வேலை செய்ய அனுமதியில்லாமல் வீட்டில் இருந்து, பிறகு படித்து, ஹைவே பாலங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். நல்ல கான்கிரீட் கணீரென்று சொல்லும். உள்ளே விட்டுப்போனது பொத்தென்று சொல்லும். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சேப்பல் சுவரையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் என்னைக் கட்டடக் குழுவில் போட்டுவிட்டார்கள்.

3

அது பிரான்ஸில் ஒரு கிராமத்தில் ஏறக்குறைய எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியது. கிராமம் காலியாகி, கூரை விழுந்து, ஆடு அடைத்துவைக்கும் இடமாகக் கிடந்ததாம். போன நூற்றாண்டில் இங்கிருந்து போன ஒரு பணக்காரர் பார்த்துவிட்டு விலை பேசினார். கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்ட்டில் எண் போட்டு, வைக்கோலில் சுற்றி, கப்பலில் ஏற்றினார்கள். சில கற்களில் அந்த எண் இன்னும் தெரிகிறது. எங்களைப் போலவே அதுவும் சீல் குத்திக்கொண்டுதான் உள்ளே வந்திருக்கிறது.

நம் கோயிலில் கட்டுமானம் நேரானது. தூண், தூண்மேல் உத்தரம், உத்தரத்தின்மேல் பாவுகல். எடை நேராகக் கீழே இறங்கும், சண்டையே கிடையாது. இங்கே எல்லாம் வளைவு. வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைத் தள்ளுகிறது. உச்சியில் ஒரு கல், அதைக் கடைசியாகத்தான் வைப்பார்கள். அது உட்காரும்வரை மொத்தத்தையும் கீழேயிருந்து மரச்சாரம் தாங்கும். உட்கார்ந்ததும் சாரத்தை உருவிவிடலாம். ஆனால் தள்ளல் நிற்பதில்லை, சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் சுவருக்கு வெளியே முட்டுச்சுவர்கள் கட்டியிருக்கிறார்கள். சுவரே மூன்றடி கனம். இரண்டு பக்கமும் செதுக்கிய கல், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்பும். அதனால்தான் ஜன்னல்கள் அவ்வளவு ஒடுக்கம்.

மக்கள் நிற்கும் கூடத்தில் வளைவுகள் அரைவட்டம். பீடம் இருக்கும் பக்கத்தில் மட்டும் உச்சி கூராக இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். மார்கரெட் சிரித்தார். கூடத்தைக் கட்டி முடித்ததும் காசு தீர்ந்துவிட்டதாம். ஒரு தலைமுறை கழித்து வேறு கொத்தர்கள் வந்தார்கள், அதற்குள் ஃபேஷன் மாறிவிட்டது. திருப்பணி என்றால் எந்த ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

பணக்காரர் ஒரு காரியம் செய்தார். பழைய இடத்தில் பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. இங்கே அவர் எஸ்டேட் ரோடு கிழக்கில் இருந்தது. வாசல் ரோட்டைப் பார்த்து இருந்தால்தானே அழகு? மொத்தத்தையும் திருப்பி வைத்துவிட்டார். தெற்குச் சுவர் வடக்குச் சுவராகிவிட்டது. அதில் வெயிலே படாது, பாசியும் கறுப்புமாக இருக்கும்.

அந்தச் சுவரில்தான் மார்ச் மாதம் மீனா ஒன்றைக் கண்டுபிடித்தாள். நெஞ்சு உயரத்தில் ஒரு சின்னக் குழி, அதிலிருந்து கீழ்ப்பக்கமாக விரியும் ஏழெட்டுக் கீறல்கள். சாரக்கம்பு செருகிய துளையாக இருக்கும் என்றேன் நான், பெரிய இன்ஜினியர் தோரணையில். அவள் போனில் தேடிவிட்டு, "நோ அப்பா, இட்ஸ் அ க்ளாக்" என்றாள். குழியில் ஒரு குச்சியைச் செருகினால் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் பூசை நேரம். அந்தக் காலத்துப் பாதிரியார் ஆணியால் கீறியிருக்கலாம்.

என் பேனாவைச் செருகிப் பார்த்தோம். நிழல் இல்லை, எப்படி இருக்கும்? மீனா போன் டார்ச்சைத் தலைக்கு மேலே பிடித்தாள். பேனாவின் நிழல் இரண்டாவது கோட்டில் விழுந்தது. "நைன் ஓ க்ளாக் மாஸ், எவ்ரிபடி கம்!" என்று அவள் கத்த, காட்டுக்குள் ஏதோ பறவை பறந்தது. அவளோடு நான் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

4

கோடையில் சேப்பலில் கல்யாணங்கள் நடக்கும். அதற்குள் சுவரை உள்ளும் புறமும் சுத்தம் செய்ய வேண்டும் என்று குழு தீர்மானித்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடித்தால் மூன்றே வாரத்தில் முடித்துவிடலாம் என்றார். மாதிரிக்கு, பின்பக்கம் ஒரு மூலையில் கதவளவு இடத்தில் அடித்தும் காட்டினார்.

கம்ப்ரெஸர் ஓடத் தொடங்கியதுமே என் காது அடைத்துக்கொண்டது. எனக்குத் தெரிந்த சத்தம் அது. தூசி அடங்கியதும் கல் பால் மாதிரி வெளுப்பாக நின்றது. குழுவில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மார்கரெட்டின் கண் கலங்கிவிட்டது. "கட்டின அன்று இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள்தான் எங்கள் இன்ஜினியர். அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் சரி என்று சொன்னால் ஓட்டெடுப்பை முடித்துவிடலாம்" என்றார்.

மீனா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "அப்பா, ஜஸ்ட் லைக் யுவர் டெம்பிள்!"

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. பொன்னாடையும் தலையில் பரிவட்டமுமாக நான், எனக்குப் பின்னால் பளபளவென்று கோயில் சுவர். பிறந்ததிலிருந்து அவள் பார்த்து வளர்ந்த படம். கல்லூரி விண்ணப்பத்துக்கு எழுதும் கட்டுரையில் அதைத்தான் எழுதியிருக்கிறாள். 'என் அப்பா பழைய கற்களைக் காப்பாற்றுகிறவர்' என்று முதல் வரி. படித்துக் காட்டியபோது நான் தலையாட்டினேன். ரொம்ப நல்லா இருக்கு என்று செல்வி சொன்னாள், நானும் சொன்னேன்.

5

நடந்தது இதுதான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஆற்றங்கரையில் எங்கள் கோயில். சுவரெல்லாம் தலைமுறை தலைமுறையாக அடித்த சுண்ணாம்பு, எண்ணெய்ப் பிசுக்கு, புகை. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். கையால் சுரண்டினால் ஆறு மாதம் ஆகும். மணல் அடித்தால் இருபது நாள். யார் என்னிடம் கேட்டார்கள் என்றெல்லாம் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் மணல் அடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். குழாயைப் பிடித்தவருக்கு இடம் காட்டியதும் நான்தான்.

பிரகாரத்தின் தெற்குச் சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தில் நாலு வரிக் கல்வெட்டு தெரிந்தது. ரொம்பப் பழைய எழுத்துகூட இல்லை, நின்று பார்த்தால் தட்டுத்தடுமாறி நாமே படித்துவிடலாம். குழாய் பிடித்தவர்கூட, "சார், எழுத்து இருக்கே, என்ன செய்ய?" என்று கேட்டார். எனக்கு மணி பார்க்கும் அவசரம். "சேத்து அடிங்க" என்றேன்.

கும்பாபிஷேகத்தன்று சுவர் ஜொலித்தது. பொன்னாடை போர்த்தினார்கள். மூன்று மாதத்தில் அமெரிக்கா வந்துவிட்டேன். பிற்பாடு இந்த முறையே கூடாது என்று அங்கே நிறுத்திவிட்டார்கள். கல்லின் மேல்தோல் போய்விடுகிறது, எழுத்தும் செதுக்கலும் மழுங்கிவிடுகின்றன என்று இங்கே வகுப்பில் பாடமாகவே படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஹாலில் படத்தை மாட்டினேன். இப்போது எழுதுகையில் கேவலமாகத்தான் இருக்கிறது.

நம் ஊர்க் கருங்கல்லுக்கே அந்தக் கதி. இந்தச் சேப்பலோ சுண்ணாம்புக்கல். எண்ணூறு வருஷ மழையிலும் வெயிலிலும் மேலே ஒரு கெட்டித் தோல் உண்டாகியிருக்கிறது. அதை உரித்துவிட்டால் உள்ளே இருப்பது பிஸ்கட். நியூஜெர்சிக் குளிரில் தண்ணீர் உள்ளே போய் உறைந்து உறைந்து, பத்துப் பதினைந்து வருஷத்தில் உதிர ஆரம்பிக்கும். சுவரில் கீறிய அந்தக் கடிகாரமோ, மணல் பட்ட முதல் அரை நிமிஷத்திலேயே போய்விடும்.

6

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு மீனாவும் வந்தாள், மணிக்கணக்கு ஃபாரத்தில் கையெழுத்து வாங்க. டௌன்ஷிப் கட்டடத்தில் சின்ன அறை, மடக்கு நாற்காலிகள், குழுவில் ஒன்பது பேர்.

கல்லின் தோல், உறைபனி, தண்ணீர்த் தூவலும் மென்மையான தூரிகையும் போதும் என்று தயாரித்துக்கொண்டு போனதைச் சொன்னேன். ஒப்பந்தக்காரர் மரியாதையாகவே பதில் சொன்னார். அழுத்தத்தைக் குறைத்துக்கொள்வாராம், மணலை மென்மையாக்குவாராம். மாதிரிக்கு அடித்துக் காட்டிய மூலையின் படத்தைச் சுற்றுக்கு விட்டார். பத்து வருஷம் கழித்து நடக்கப்போவதை நான் எந்தப் படத்தில் காட்டுவது? தலைகள் அவர் பக்கம் ஆட ஆரம்பித்தன. மார்கரெட் தயங்கினார். என் பெயர் அவர் வாயில் 'ஆரு'தான். "ஆரு, இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறீர்கள்? புத்தகத்தில் படித்ததா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மீனா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படித்ததில்லை. செய்திருக்கிறேன்" என்றேன். கோயில், இருபது நாள், நாலு வரி, எல்லாம் சொன்னேன். அன்றைக்கு அந்தச் சுவரும் இதே மாதிரிதான் அழகாக இருந்தது, எல்லோரும் கை தட்டினார்கள், எனக்குச் சால்வை போட்டார்கள் என்றேன். முடிக்கும்போது ஆங்கிலம் காலை வாரியது. "ஐ ஆம் தி கல்ப்ரிட் ஒன்லி" என்று வந்துவிட்டது. வழக்கமாக அப்படி 'ஒன்லி' போட்டால் மீனா உடனே திருத்துவாள். அன்று போனைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

மார்கரெட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஓட்டெடுப்பு நடத்தினார். ஐந்துக்கு நாலு. மணல் இல்லை. கோடைக் கல்யாணங்களுக்குச் சுவர் கறுப்பாகவே இருக்கட்டும் என்று முடிவானது. வெளியே வரும்போது மார்கரெட் என் தோளைத் தட்டினார். மீனாவின் ஃபாரத்தில் கையெழுத்து வாங்க நாங்கள் இருவரும் மறந்துவிட்டோம்.

7

காரில் பாதித் தூரம் வந்திருப்போம். மீனா கேட்டாள். "வாட் டிட் இட் சே?"

"எது?"

"அந்த ரைட்டிங். நீங்க இரேஸ் பண்ணது. என்ன எழுதியிருந்துச்சு?"

திட்டுவாள் என்று நினைத்திருந்தேன், அழுவாள் என்றும் நினைத்திருந்தேன். இதை எதிர்பார்க்கவில்லை.

"தெரியாதும்மா."

"யூ கேன் ரீட் தமிழ்."

"முடியும்."

"தென் ஏன் படிக்கல?"

"அன்னைக்கு அது எனக்கு எழுத்தாத் தெரியல. அழுக்காத்தான் தெரிஞ்சுது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் நேரே அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஹாலில் இருந்த படத்தைக் கழற்றினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் செல்வி படத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். "இத்தனை வருஷம் இதுக்குத் தூசி தட்டினது நான். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

மறுநாள் காலையில் சங்கரனைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம், பின்னால் நாதஸ்வர ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தெற்குச் சுவர் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல, தடவுனா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கு. ஏம்டே இப்ப கேக்க?"

"அந்தக் கல்வெட்டை யாராவது படி எடுத்து வச்சிருக்காங்களா?"

"எவன் எடுத்தான்? நமக்கு அப்ப மணி பாக்கதுக்கே நேரம் சரியா இருந்துச்சு." யாரிடமோ நாதஸ்வரத்தை நிறுத்தச் சொன்னான். "இருடே. பில்லுக்கு ஃபோட்டோ எடுத்தோம்லா. வேலைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ரெண்டாங் காப்பி எங்கிட்டதான் கெடக்கு. தேடிப் பாக்கேன்."

அந்த முறையை நான் மறந்தே போயிருந்தேன். ஒப்பந்த வேலையில் செய்வதற்கு முன்பும் பின்பும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்துப் பில்லோடு இணைக்க வேண்டும். அந்த ஒரு நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் ஒரே தூணை இரண்டு முறை தட்டினேன்.

படம் சனிக்கிழமைக் காலையில் வந்தது. சமையலறையில் நின்று திறந்தேன். பழைய பிரின்ட்டைப் போனில் எடுத்து அனுப்பியிருக்கிறான், ஓரமெல்லாம் பழுப்பு. சுவர், உரிந்த சுண்ணாம்பு, நடுவில் நாலு வரி எழுத்து. மீனா எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது. போனை என் கையிலிருந்து வாங்கி விரலால் பெரிதாக்கினாள். தமிழ்ப் பள்ளிக்கு அவள் நாலாம் வகுப்புவரை போனவள்.

"ள..." என்றாள். "அப்புறம் க. திஸ் இஸ் கு."

"கல்வெட்டுல புள்ளி போடமாட்டாங்க. ளக்கு. விளக்கு."

"விளக்கு மீன்ஸ் லேம்ப். ஸோ சம்படி கேவ் அ லேம்ப்?"

"ஆமா, கோயிலுக்கு யாரோ விளக்கு குடுத்திருக்காங்க."

"யாரு?"

படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நாலு வரியிலும் இடது ஓரத்தில் இரண்டு மூன்று எழுத்து, வலது ஓரத்தில் இரண்டு மூன்று எழுத்து, அவ்வளவுதான் தெரிகிறது. நடுவில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, சுவரின் உயரம் தெரிவதற்காக, இருபத்தாறு வயசில் நான் நிற்கிறேன். யார் கொடுத்தது என்பது என் சட்டைக்குப் பின்னால் இருக்கிறது.